கயிற்றில் கை வைத்தவர்கள்

எங்க சங்குமேட்டுக் குப்பத்துல கரைவலை இழுத்தா ஒரு வழக்கம் உண்டு. கயித்துல கை வச்சவன் யாரா இருந்தாலும் அவனுக்கு ஒரு பங்கு. சொந்தக்காரனோ வழிப்போக்கனோ, கடன்காரனோ சண்டைக்காரனோ, ஒரு இழுப்பு இழுத்தாலும் மீனு பிரிக்கும்போது மணல்ல அவனுக்கும் ஒரு குவியல் விழும். அதை யாரும் தடுக்க முடியாது, தடுத்தா அன்னிக்கே கடலம்மா கண்ணை மூடிக்குவான்னு எங்களுக்குப் பயம். அந்தப் பயத்தாலதான் வந்துச்சு இவ்வளவு வினையும். இல்லேன்னா அந்த ஆளு வலையில வந்த அன்னிக்கே ரெண்டு இட்லியைக் கையில குடுத்து பஸ்ஸு ஏத்தி விட்டிருப்போம்.

அன்னிக்கு வலை கனத்துச்சு. கவலை மீனு கூட்டமா மாட்டிடுச்சுன்னு ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஓடிப் போய் ரெண்டு பக்கக் கயிறையும் பிடிச்சோம், ஊர்த் தலைவரு நாட்டார் எத்திராசு சத்தம் குடுக்கக் குடுக்க மூச்சைப் பிடிச்சு இழுத்தோம். மீனு தங்குற வலை மடி கரை ஏறுறதுக்கு முன்னாடி, இடுப்பளவுத் தண்ணியில, வடக்குப் பக்கத்துக் கயிறை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நடந்து வந்தாரு. ஒசரமான ஆளு, நரைச்ச தலை, மேல கம்பளித் துணியில பெரிய வேட்டி மாதிரி எதையோ சுத்தியிருந்தாரு. அந்த வேட்டியோட ஓரத்துல கரை இருந்த தடம் தெரிஞ்சுது, கரையைக் காணோம், யாரோ பிச்சு எடுத்திருக்காங்க. கழுத்துல சுத்தி வளையமா ஒரு செவப்புத் தடம், கயிறு இறுக்கின தடம்.

"இவருக்குப் பங்கு உண்டா?"ன்னு பொன்னுரங்கம் கேட்டான். அவனுக்கு எப்பவும் அடுத்தவன் பங்கு மேலதான் கண்ணு. நாட்டார் தாடையைச் சொறிஞ்சாரு. "கயித்துல கை இருந்துச்சா இல்லியா?"ன்னு கேட்டாரு. இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னோம். "அப்புறம் என்னடா கேள்வி, போடு"ன்னாரு. போட்டோம். அந்த ஆளும் குனிஞ்சு அந்தக் கவலை மீனைத் தன் துணியில வாரிக்கிட்டாரு. அந்த நிமிஷத்துல இருந்து அவரு எங்க பங்காளி.

பாஷை வர அவருக்கு ரொம்ப நாள் ஆகலை. வலை பின்னுற இடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஒரு நாள் வாயைத் தொறந்து எங்களை மாதிரியே பேசினாரு. கடல்ல இருந்தே நடந்து வந்தவருக்கு இது ஒரு விஷயமான்னு நாங்களும் விட்டுட்டோம். பேரு பப்லியஸ் கார்வினஸாம். எங்க வாயில அது நுழையலை, பிச்ச கரையை வச்சு கரைவேட்டிக்காரர்னு கூப்பிட்டோம். அவரும் கோவிச்சுக்கலை. கூப்பிட்டதும் கொஞ்சம் நிமிர்ந்துகூட உக்காந்தாரு.

தன் கதையை அவரே சொன்னாரு, டீ குடிச்சுக்கிட்டே. ரோமாபுரின்னு ஒரு ஊரு, ராசா இல்லாத ஊரு, குடியரசு. பெரியவங்க சபையில இவருக்கு ஆசனம் இருந்துச்சாம், நடத்தை சரியில்லைன்னு தூக்கி வெளியில போட்டாங்களாம். அந்த அவமானம் தாங்காம, அவமானப்பட்ட இன்னும் சில பேரோட சேர்ந்து, ஊரை ஒரே நேரத்துல பல மூலையில கொளுத்திட்டு, தலைவனுங்களை வெட்டிட்டு, ஆட்சியைப் பிடிக்கலாம்னு சத்தியம் பண்ணாங்களாம். ஒரு பொம்பளை போய்ச் சொல்லிட்டா. பிடிச்சாங்க, வேட்டியில இருந்த கரையைப் பிச்சாங்க, விசாரணை கிடையாது ஒண்ணும் கிடையாது, பூமிக்குள்ள ஒரு இருட்டு அறையில இறக்கி, பின்னாடி இருந்து கழுத்துல கயிறு போட்டாங்க.

"அப்புறம்?"னு கேட்டோம்.

"அப்புறம் கண்ணைத் தொறந்தா கையில உங்க கயிறு"ன்னாரு.

"அடப் பாவமே"ன்னு சொல்லி இன்னொரு டீ வாங்கிக் குடுத்தோம். அவரு ஊரைக் கொளுத்தப் பார்த்தவருங்கிறது யாரு காதுலயும் ஏறலை, விசாரிக்காமக் கொன்னுட்டாங்களேங்கிறதுதான் ஏறுச்சு. ஏன்னா எங்க குப்பத்துல கோழி திருடினவனுக்கே மூணு தடவை பஞ்சாயத்து கூட்டுவோம். மூணாவது தடவை அவன் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஸ்டேஷன்ல இருந்து ஏட்டு ஒருத்தர் வந்து எந்த நாடு, பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டாரு, இவரு சொன்ன பதிலைப் பாதி கேட்டுட்டு, தலையைத் தடவிக்கிட்டு, வஞ்சிரம் ஒண்ணை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு பூசினாரு. பொம்பளைங்க முறை வச்சுக் கொழம்பு குடுத்தோம். மாயமா வந்தவருன்னு ஒரு மாசம் பேசினோம், அப்புறம் அவரையும் எங்க ஊரு ஆளாக் கோபிச்சுக்க ஆரம்பிச்சுட்டோம்.

நான் காசியம்மா. மெசின் வச்சுத் துணி தைக்கிறவ. குப்பத்துல இருக்கிற எல்லா ஒடம்போட அளவும் என் விரல்ல இருக்கு, அதனாலதான் மத்தவங்களுக்கு முன்னாடி எனக்குப் பயம் வந்துச்சு.

முதல்ல வந்தவன் பொன்னுரங்கம். சட்டையே போடாத பய, காலர் வச்ச சட்டை வேணும்னு நின்னான். காலர் ஒசரமா இருக்கணுமாம், காது வரைக்கும். "ஏண்டா, வெளியூருக்கு மாப்பிள்ளையாப் போறியா?"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே டேப்பைக் கழுத்துல சுத்தினேன். துண்டு நழுவிச்சு. கழுத்தைச் சுத்திச் செவப்பு வளையம், கரைவேட்டிக்காரருக்கு இருக்கிற அதே வளையம், புதுசா, பச்சையா. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "பதினாலரை"ன்னு சொல்லிட்டு டேப்பை மடிச்சேன்.

அப்புறம் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்தாங்க. விஷயம் மெதுவாத்தான் புரிஞ்சுது. கரைவேட்டிக்காரர் படகு நெழல்ல உக்காந்து ஒவ்வொருத்தன் வயித்தெரிச்சலையும் கேக்குறாரு. நாட்டார் இவனுக்குக் கோயில்ல முதல் மரியாதை குடுக்கலை, அவனுக்கு வலை போட நல்ல நாள் குடுக்கலை, இன்னொருத்தன் மவ கல்யாணத்துக்கு நாட்டார் லேட்டா வந்தாரு. இவரு எதுவும் தூண்டி விடுறதில்லை. கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "உனக்கு நடந்தது அநியாயம்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்றாரு. பொண்டாட்டி புள்ளைங்ககூட அதைச் சொல்லலியே, அந்த ஒரு வார்த்தைக்கு ஆம்பளைங்க கரைஞ்சு போனாங்க, பொம்பளைங்களும் சில பேரு. அப்புறம் ஒரு கிண்ணத்துல கள்ளை ஊத்தி, அதுல ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தம் விட்டு, எல்லாரும் ஒரு வாய் குடிச்சாங்களாம். மறுநாள் விடிஞ்சா கழுத்துல வளையம்.

ஊரு அதுக்கும் பழகிக்கிச்சு, அதைத்தான் இன்னிக்கும் என்னால நம்ப முடியலை. சித்திரை வெயில்ல ஆம்பளைங்க துண்டைக் கழுத்துல இறுக்கிச் சுத்திக்கிட்டு வலை இழுத்தாங்க, பொம்பளைங்க முந்தானையைத் தாடை வரைக்கும் இழுத்துக்கிட்டு மீன் வித்தாங்க, வளையம் இருக்கிறவங்க வளையத்தை மறைச்சாங்க, வளையம் இல்லாதவங்க அது இல்லைங்கிறதை மறைச்சாங்க, ஏன்னா வெறுங்கழுத்தோட போனா நீ யாரு பக்கம்னு பார்வையாலேயே கேட்டாங்க. தைக்க முடியாத அளவுக்குக் காலர் தைச்சேன். பச்சைப் புள்ளைக்குக் காலர் வச்ச ஜாக்கெட் கேட்டு ஒரு தாய் வந்தா, அதையும் தைச்சுக் குடுத்தேன். சந்தையில வெளியூருக்காரங்க எங்க ஊர்ல என்னமோ புது பேஷன் வந்திருக்குன்னு சிரிச்சாங்க. ஊர் முழுக்கக் கழுத்தைத் தொறந்து போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஒரே ஆளு நாட்டார் எத்திராசுதான். அந்த மனுசன் சட்டையில்லாம நடந்து வரும்போது நான் தலையைக் குனிஞ்சு மெசினை மிதிப்பேன்.

என் புருஷன் தணிகாசலம் அந்த மாதிரி ஆளு இல்லைன்னு இருந்தேன். சாதுவான மனுசன், கொழம்புல உப்பு இல்லேன்னாகூட வாயைத் தொறக்க மாட்டாரு. ஒரு மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்தவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு, வாயில வைக்கலை. கழுத்துல துண்டு.

"ஏய்யா, இந்தப் புழுக்கத்துல துண்டு எதுக்கு? எடு."

"சளி புடிச்சிருக்கு."

"சளிக்கு நான் கஷாயம் வைக்கிறேன், நீ துண்டை எடு."

எடுக்கலை. நானே எடுத்தேன். அவரு வளையம் மத்தவங்களுக்கு இருக்கிறதைவிட ஆழமா இருந்துச்சு, சதைக்குள்ள எறங்கியிருந்துச்சு. ஒரு வாய் சோறு எறங்கலை மனுசனுக்கு, குழந்தை மாதிரி அழுதாரு.

"எல்லாரும் குடிச்சாங்க காசி. நான் மட்டும் வேணாம்னு எப்படிச் சொல்றது? வர்ற சித்ரா பௌர்ணமிக்கு சாமி கடலுக்கு வருதில்ல, அப்ப நாட்டார் முங்கும்போது முங்கின எடத்துலயே அவரைப் பிடிச்சு வைக்கணுமாம். அதே நேரத்துல அவரு பக்கம் இருக்கிற ஆளுங்க கூரைக்கு எல்லாம் நெருப்பு. எனக்கு அவரு காலைப் பிடிக்கிற வேலை. வெறும் காலுதான். நான் வேற ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"வெறும் காலா!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

"பண்ணலைன்னா இது இறுகுது. நாளுக்கு நாள் இறுகுது. பண்ணாலும் இறுகும்னு தோணுது."

எனக்கு ஊரு, நாட்டாரு, நியாயம், எதுவும் அப்போ கண்ணுல தெரியலை. என் புருஷன் மூச்சு விடணும். அது ஒண்ணுதான். டேப்பை எடுத்துக்கிட்டு நேரா கரைவேட்டிக்காரர்கிட்டப் போனேன். அவரு படகு நெழல்ல உக்காந்திருந்தாரு, என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னாரு, மரியாதை தெரிஞ்ச ஆளு.

"அம்மா, நானே வரணும்னு இருந்தேன். திருவிழாவுக்கு என் வேட்டியில கரை வச்சுத் தரணும். ஊதா நெறம்."

"வச்சுத் தரேன். என் வீட்டுக்காரர் கழுத்துல இருக்கிறதை எப்படி எடுக்கிறதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா என் கழுத்துல இருந்து எடுத்திருக்க மாட்டேனா?"

அதை அவரு நக்கலாச் சொல்லலை. அளவு எடுக்கிற மாதிரி டேப்பை அவரு கழுத்துல பின்னாடி இருந்து போட்டேன், ஏன் போட்டேன்னு தெரியாது. அவ்வளவு பெரிய மனுசன் அப்படியே நடுங்கிட்டாரு. "முன்னாடி வாம்மா, முன்னாடி வந்து எடு"ன்னாரு. "அந்த இருட்டுல யாரு இழுத்தாங்கன்னு நான் பார்க்கவே இல்லை. முகம் தெரிஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது."

இவருக்கே இவ்வளவு பயமான்னு எனக்கு அப்பத்தான் முழுசா பயம் புடிச்சுது.

ஊதாக் கரையைத் தைச்சுக் குடுத்தேன். குடுத்துட்டு மறுநாள் காலையில வலை இழுக்கிற எடத்துக்குப் போனேன். ரெண்டு பக்கமும் ஊரே நிக்குது, மடி பாதி தூரம் வந்துடுச்சு. கரைவேட்டிக்காரரும் புதுக் கரை பளபளக்க வடக்குக் கயித்துல நிக்குறாரு. எந்த வார்த்தையில சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருந்தது எல்லாம் மறந்துபோச்சு. என் புருஷன் துண்டைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன். "நாட்டாரே, இந்தக் கழுத்தைப் பாருங்க! பார்த்துட்டு மத்தவங்க கழுத்தையும் பாருங்க! வர்ற பௌர்ணமிக்கு உங்களைத் தண்ணியிலயே வைக்கப் போறாங்க!"

அப்புறம் நாட்டார் மெதுவா நடந்து போய் முதல் ஆளோட துண்டை எடுத்தாரு. வளையம். அடுத்தவன் காலரை அவுத்தாரு. வளையம். தன் தங்கச்சி முந்தானையை எடுத்தாரு, அந்தக் கெழவி கழுத்துலயும் வளையம். சொந்த மருமவன்கிட்ட வந்ததும் கையை நீட்டி, நீட்டின கையைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. அதுக்கு மேல பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. "எனக்குத் தெரியும்மா. எத்தனை பேருன்னுதான் தெரியலை"ன்னு என்கிட்ட சொன்னாரு.

அப்பத்தான் வளையம் எல்லாம் ஒண்ணா இறுக ஆரம்பிச்சுது. மணல்ல பொத்து பொத்துன்னு விழுந்தாங்க. என் புருஷன் முகம் கறுத்து, கண்ணு பிதுங்கி, என் காலைப் பிடிக்கிறாரு. நான் கத்துறேன், யாராவது ஏதாவது பண்ணுங்கன்னு கத்துறேன்.

நாட்டார் தளர்வாக் கெடந்த கயித்து நுனியை எடுத்தாரு. சுருக்கு போட்டாரு. வளையத்தைக் கொண்டு வந்தவன் போனா வளையமும் போகும்னு யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கலை. கரைவேட்டிக்காரர் ஓடலை, கடலைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

"பஞ்சாயத்து வையுங்க. உங்க ஊர்ல கோழி திருடினவனுக்கே வைப்பீங்களே. நான் பேசி முடிக்கிற வரைக்குமாவது உக்காருங்க. நானும் பங்குக்காரன்."

பூசாரி மட்டும், "அவரு கேக்குறது நியாயம்தானே"ன்னு முனகினாரு. "பேச விட்டா யாரு யாரு பேரெல்லாம் வருமோ"ன்னு ஒரு குரல். அது பொன்னுரங்கம். மூச்சு முட்டித் தவழ்ந்துக்கிட்டு இருந்தவன், முதல் ஆளா வந்து கயித்துல கை வச்சான். அப்புறம் வளையம் இருந்த அத்தனை பேரும் தவழ்ந்து வந்து பிடிச்சாங்க, அவங்கதான் எங்களைவிட வெறியாப் பிடிச்சாங்க. வளையம் இல்லாதவங்களும் பிடிச்சாங்க, பிடிக்கலைன்னா என்ன நினைப்பாங்களோன்னு பயந்து. பூசாரியும் பிடிச்சாரு. நானும் பிடிச்சேன். எனக்கு என் புருஷன் வேணும்.

நாட்டார் சுருக்கைப் பின்னாடி இருந்து அந்த ஆளு கழுத்துல மாட்டிட்டுச் சத்தம் குடுத்தாரு, மீனுக்குக் குடுக்கிற அதே சத்தம். இழுத்தோம். முதல் இழுப்புலயே அந்த ஆளு உடம்பை முறுக்கித் திரும்பினாரு. திரும்பி எங்களைப் பார்த்தாரு. ஒவ்வொருத்தரா, வரிசையா, அவசரமே இல்லாம, என் முகத்துலயும் நின்னு பார்த்தாரு, என் புருஷன் முகத்துலயும் நின்னு பார்த்தாரு. அந்த முகத்துல அப்போ பயம் இல்லை. அப்புறம் கயிறு பட்டுன்னு லேசாச்சு, நாங்க எல்லாம் மல்லாக்க விழுந்தோம். ஒரு அலை வந்து போச்சு. ஈர மணல்ல வேட்டி மட்டும் கெடந்துச்சு, நான் தைச்ச ஊதாக் கரையோட.

என் புருஷன் பெருமூச்சு விட்டாரு. எல்லாரும் விட்டாங்க. கழுத்துல தடம்கூட இல்லை, கொழந்தைக் கழுத்து மாதிரி ஆயிடுச்சு. நான் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன், சிரிச்சேன், சாமியைக் கும்பிட்டேன். அப்புறம் மடியையும் இழுத்தோம், இழுக்காம விட முடியுமா. நல்ல மீன்பாடு. நாட்டார் வழக்கப்படி மணல்ல குவியல் குவியலாப் பிரிச்சு வச்சாரு. எடுக்க ஒருத்தரும் குனியலை. காக்கா வந்து எடுத்துக்கிச்சு.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் பார்த்தேன், உள்ளங்கையில குறுக்கா ஒரு செவப்புக் கோடு. கயிறு அறுத்த கோடுன்னு நெனைச்சேன். அது ஆறலை. யாருக்கும் ஆறலை. கழுத்துக்குக் காலர் தைக்கலாம், உள்ளங்கைக்கு என்னத்தைத் தைக்கிறது? காசு வாங்கும்போதும் குடுக்கும்போதும் சாமி கும்பிடும்போதும் எல்லாருக்கும் எல்லார் கோடும் தெரியும், யாரும் அதைப் பத்திப் பேசுறதில்லை. பஞ்சாயத்தும் கூடுறதில்லை. உக்காந்தா அந்த ஆளு பேச வேண்டிய பாக்கி இருக்கேன்னு நாட்டாரே எழுந்து போயிடுறாரு.

வலை இழுக்கிறதை விட்டுட முடியுமா, வயிறுன்னு ஒண்ணு இருக்கே. ஆனா கயிறு கொஞ்சம் கனத்தா எல்லார் கையும் நின்னுடும். போன வாரம் ரொம்பக் கனத்துச்சு, நாட்டார் கத்தியை எடுத்து அறுத்து விட்டுட்டாரு, மடியோட வலை போச்சு. நாலு வீட்டுச் சோறு அது.

இன்னிக்குக் காலையில மறுபடியும் கனத்துச்சு. நாட்டார் கத்தியோட வந்தவரு கயித்துல கையை வச்சதும் அப்படியே நின்னுட்டாரு. அது வெறும் கனம் இல்லை, அந்தப் பக்கம் இருந்து இழுக்குது. மீனு இழுக்கிற இழுப்பு எங்களுக்குத் தெரியும், நீரோட்டம் இழுக்கிறதும் தெரியும். இது ஆளு இழுக்கிற இழுப்பு, நெறைய ஆளுங்க, ஒண்ணாச் சேர்ந்து, மூச்சைப் பிடிச்சு, சத்தத்துக்கு ஒரு இழுப்பா, ஒரே சீரா இழுக்குறாங்க. கத்தி நழுவித் தண்ணியில விழுந்துச்சு. கயிறை விடப் பார்த்தோம், உள்ளங்கையில இருக்கிற கோட்டுல கயிறு போய் உக்காந்துக்கிச்சு, கை வரலை.

முன்னாடி நிக்கிறது என் புருஷன். அலை அவரு முட்டியைத் தாண்டிடுச்சு. "காசி, கரைவேட்டிக்காரரும் அவரு கூட்டாளிங்களும் பங்கு கேக்குறாங்கடி"ன்னு திரும்பிப் பார்க்காமச் சொன்னாரு. நான் ஒரு கை கயித்துல கெடக்க, இன்னொரு கையால அவரு இடுப்பைச் சுத்திக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, குதிகாலை மணல்ல ஊனி நிக்கிறேன்.